பிரான்ஸ் விளையாடாத வருஷம்

உலகக் கிண்ணம் வந்துவிட்டால் நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் வாட்ஸப் குழுமத்துக்குப் பேய் பிடித்துவிடுகிறது. முதன்முதல் பார்த்த பெரிய மட்ச் எது, எங்கிருந்து பார்த்தாய், யாரோடு பார்த்தாய் என்று ஒவ்வொருவராக அளக்கிறீர்கள். நான் வாயே திறப்பதில்லை. "அவளுக்கு ஃபுட்போல் எங்கை விளங்கப்போகுது" என்று போன கிழமை ஒருவர் எழுதி, பத்துப் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். சரி, கேளுங்கள். தொண்ணூறாம் ஆண்டு இத்தாலியில் உலகக் கிண்ணம் நடந்தபோது நான் இத்தாலியில்தான் நின்றேன். வயது பதினொன்று. லண்டன் ஆர்ச்வே வகுப்பறையில் நீங்கள் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கிழமைகள் அவை. எனக்குக் கொப்பளிப்பான் அம்மை என்று அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்திருந்தார். நீங்களும் அதை நம்பி, வகுப்பே சேர்ந்து படம் கீறி ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினீர்கள். முப்பத்தைந்து வருஷம் பிந்தி அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அப்போது உதைபந்தாட்டப் பைத்தியம். பேப்பரோடு இலவசமாக வந்த ஒரு பெரிய அட்டவணையைச் சுவரில் ஒட்டி, இருபத்துநான்கு நாடுகளின் பெயரையும் பாடமாக்கி வைத்திருந்தேன். எந்தக் குழுவில் யார், எந்த ஊரில் எந்த நாள், எல்லாம் தலைகீழாகத் தெரியும். அப்பா ஒருநாள் தான் வேலை செய்த பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "பிள்ளை, இத்தாலிக்குப் போறம். ஃபுட்போல் பாக்க" என்றார். எங்களை அதுவரை சவுத்எண்ட் கடற்கரைக்கு அப்பால் எங்கும் கூட்டிப்போகாத மனிதர். நான் துள்ளிய துள்ளலில் கீழ்வீட்டுக் கிழவன் தடியால் கூரையில் இடித்தான். அம்மா மட்டும் பெட்டி அடுக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கேட்டால் தடிமன் என்றார்.

காரில் இரண்டு நாள். மூன்றரை வயதுத் தம்பி பிரான்ஸ் முழுக்கச் சத்தி எடுத்தான். தோடம்பழத் தோல் மணமும் அவன் சத்தி மணமும் கலந்த ஒரு மணம் அந்தக் காரை விற்கும்வரை போகவில்லை. ஜெனோவாவில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, அதாவது எங்கள் மாமா, ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் மாமியோடு இருந்தார். படியேறிப் போய்க் கதவைத் தட்டினால், திறந்தது சித்தி.

சித்தி அம்மாவின் சொந்தத் தங்கச்சி. எட்டு வயது இளமை. லண்டனுக்கென்று ஊரைவிட்டு வெளிக்கிட்டவரை, காசுக்கு ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் இத்தாலியில் இறக்கிவிட்டு மறைந்துபோய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஆனி மாதம்தான் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. பிடிபட்டால் அங்கேதான் திருப்பி அனுப்புவார்கள். அம்மாவும் சித்தியும் வாசலில் கட்டிப்பிடித்து நின்றபோது, யார் முதுகு யாருடையது என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. மாமா அதைப் பார்த்து, "அத்தான், நான் சொன்னனான் எல்லோ? அச்சு அசல்!" என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அன்றே விளங்கிவிட்டது. குசினிக் கதவு ஒழுங்காகச் சாத்தாது, உள்ளே பெரியவர்கள் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. அந்தக் காலப் பிரிட்டிஷ் பாஸ்போட்டை நினைத்துப் பாருங்கள். கடும் நீல அட்டை. பிள்ளைகளுக்குத் தனிப் புத்தகம் கிடையாது. தாயின் படம் இருக்கும், பிள்ளைகளின் பெயரை உள்ளே எழுதியிருப்பார்கள். நானும் தம்பியும் அம்மாவின் பாஸ்போட்டில்தான் இருந்தோம். அதிலிருந்த அம்மாவின் படம் பழையது, சித்தியின் வயதில் எடுத்தது. ஆக, அம்மாவின் பாஸ்போட்டில் சித்தி லண்டனுக்கு வருவார். நானும் தம்பியும் அவர் பிள்ளைகளாகக் கூட வருவோம். அம்மா ஜெனோவாவில் நிற்பார். பிறகு பாஸ்போட்டைத் தபாலில் அனுப்ப, அம்மா தனியாக வந்து சேருவார். இதுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

எந்த நாள் கடப்பது என்பதை மாமா கணக்குப் பார்த்து வைத்திருந்தார். "இத்தாலி செமி ஃபைனல் விளையாடுற அண்டைக்கு. அந்த நேரம் இந்த நாட்டிலை பெத்த தாய் செத்தாலும் பொலிசுக்காரன் டிவிக்கு முன்னாலையிருந்து எழும்பமாட்டான் அத்தான். கையைக் காட்டிப் போ எண்டுவான்."

"இத்தாலி செமிக்கு வருமோ?" என்றார் அப்பா.

"வராமல் எங்கை போறது? சொந்த ஊர் எல்லோ!"

இரண்டு பேரும் கிரிக்கெட்காரர். உதைபந்தாட்டத்தில் பந்து உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் என்னிடம் யார் கேட்டார்கள்?

அடுத்த நாளிலிருந்து ஒத்திகை. சித்திக்கு அம்மாவைப் போல நடு வகிடு. அம்மாவின் தோடு, அம்மாவின் ஊதாப் பூச் சட்டை, அம்மாவின் கையெழுத்து. படத்தில் கழுத்தில் தாலிக்கொடி தெரிந்தது. அதையும் கழற்றிக் கொடுக்கும்படி மாமா சொல்ல, அம்மா எழுந்து நின்றுவிட்டார். "பாஸ்போட்டைத் தாறன், பிள்ளையளைத் தாறன். இதைக் கழட்டமாட்டன்." மாமி சந்தையில் ஒரு பித்தளைச் சங்கிலி வாங்கிவந்தார். கலியாணமாகாத சித்தி அதைக் கண்ணாடி பார்க்காமல் போட்டுக்கொண்டார்.

தம்பிக்கு எல்லாம் விளையாட்டு. சித்தியை "அம்மா" என்று கூப்பிட்டால் ஒரு இனிப்பு. ஐந்து நிமிஷத்தில் பத்துத் தரம் கூப்பிட்டான். அம்மா அதைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டினார். நான் கூப்பிட மறுத்தேன். கூப்பிட்டால் அம்மா இல்லாமல் போய்விடுவார் என்று எனக்கு ஒரு பயம். இதைச் சொன்னால் அப்பா "விசர்க் கதை கதையாதை" என்பார் என்று தெரியும், ஆகவே சொல்லவில்லை.

என்னைச் சித்தியோடு பழக்குவதற்காக எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். ஜெனோவாவில் அன்று அயர்லாந்தும் ருமேனியாவும். டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொன்ன அப்பா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் சித்தியும் மைதானத்தின் மதிலுக்கு வெளியே வெயிலில் நின்றோம். உள்ளே ஆயிரக்கணக்கான பேர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பனால்டி அடிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொன்னேன். சித்திக்குப் பனால்டி என்றால் என்னவென்று தெரியாது. விளங்கப்படுத்தினேன். ஒருவன் உதைப்பான், ஒருவன் மறிப்பான், ஒரே தரம்தான், பிழைத்தால் பிழைத்ததுதான். சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தார். "ஐயோ, அவன்ரை தாய் எப்பிடி இதைப் பாத்துக்கொண்டிருப்பாள்" என்றார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. அன்றுதான் எனக்கு அவரில் ஒரு விருப்பம் வந்தது.

மாமா சொன்னபடியே இத்தாலி அரையிறுதிக்கு வந்துவிட்டது. ஆர்ஜென்டினாவோடு, இரவு எட்டு மணிக்கு. பின்னேரம் ஐந்து மணிக்கு அம்மா எங்களுக்குப் புட்டுக் குழைத்து வாயில் தீத்தினார். எனக்குத் தீத்தி நாலைந்து வருஷம் இருக்கும். தம்பி சாப்பிட்டபடியே நித்திரையாகிவிட்டான். அவனை அப்பா தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது அம்மா படிவரை வந்தார். தெருவுக்கு வரவில்லை. அயலட்டைச் சனம் ஒரே மாதிரி இரண்டு பெண்களைப் பார்க்கக்கூடாதாம். என் காதுக்குள், "தம்பி எழும்பினால் அழுவான். பாத்துக்கொள்" என்றார். லண்டனிலிருந்து கொண்டுவந்து மாமா வீட்டுச் சுவரில் ஒட்டிய அட்டவணையை மறந்துவிட்டேன். திரும்பி ஓடிப்போய் எடுக்க அப்பா விடவில்லை.

கடற்கரை நெடுஞ்சாலை வெறுமையாகக் கிடந்தது. சுரங்கம், வெளிச்சம், சுரங்கம், வெளிச்சம். வானொலியில் ஒருவன் இத்தாலிய மொழியில் கத்திக்கொண்டு வந்தான். சுரங்கத்துக்குள் போனால் அவன் செத்துப்போவான், வெளியே வந்தால் உயிர்ப்பான். இத்தாலி முதல் கோல் போட்டபோது பக்கத்து ஊரிலிருந்து வெடி கேட்டது. அப்பா ஸ்டியரிங்கில் தட்டி, "முருகா, நீ இருக்கிறாய்" என்றார். முன் இருக்கையில் சித்தி அம்மாவின் பிறந்த திகதியை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சித்தியின் பின்தலையை மட்டும் பார்த்தால் அம்மா. அவர் திரும்பினால் இல்லை. நான் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலிய எல்லைச் சாவடி வந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. கடல் பக்கம் இன்னும் வெளிச்சம். மாமா சொன்னது சொன்னதுதான். ஜன்னலுக்குள் டிவியின் நீல வெளிச்சம், நாலைந்து முதுகுகள். ஒரு கை மட்டும் வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமலே, போ போ என்று ஆட்டியது. கார் உருண்டு தாண்டியது. அப்பா பெரிதாக மூச்சு விட்டார். சித்தி அழுதுகொண்டே சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு முன்னால் இன்னொரு சாவடி தெரிந்தது. வேறு கொடி. "அப்பா" என்றேன்.

"என்ன?"

"பிரான்ஸ் இந்தமுறை விளையாடேல்லை."

"என்ன சொல்லுறாய்?"

"உலகக் கிண்ணத்திலையே இல்லை அப்பா. அவை தெரிவாகேல்லை."

அப்பாவின் கழுத்து விறைத்தது. எல்லை என்றால் ஒரு கேற், ஒரு பொலிஸ் என்றுதான் பெரியவர்கள் இரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தார்கள். வரும்போது இந்தப் பக்கம் ஒருவரும் மறிக்காததால் அப்பாவுக்கும் உறைக்கவில்லை. வெளியே போகிறவனை இத்தாலிக்காரன் ஏன் பார்க்கப்போகிறான்? உள்ளே வருகிறவனைப் பார்க்க வேண்டியவன் பிரெஞ்சுக்காரன். அவனுக்கு அன்றைய மட்ச் ஒரு மண்ணும் இல்லை. நிமிர்ந்து, சட்டை மடிப்புக் கலையாமல், சாலையின் நடுவில் நின்று கையைக் காட்டி மறித்தான். திரும்ப வழியில்லை.

பாஸ்போட்டுகளை வாங்கினான். நல்ல ஆங்கிலம் பேசினான். எங்கே போய் வருகிறீர்கள்? உல்லாசப் பயணம். எவ்வளவு நாள்? பத்து நாள். அப்பாவின் குரல் அவருடையதாக இல்லை. அவன் படத்தைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். பின்னால் இத்தாலியப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஓலம் கேட்டது. ஆர்ஜென்டினா சமப்படுத்திவிட்டது என்று எனக்கு விளங்கியது. அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. சுற்றிவந்து பின்கதவைத் திறந்தான்.

குளிர்காற்று பட்டுத் தம்பி எழும்பிவிட்டான். கண்ணைக் கசக்கி, "அம்மா" என்றான்.

"என்ன ராசா, அம்மா இஞ்சை இருக்கிறன்" என்று சித்தி திரும்பினார்.

அவன் சித்தியை ஒரு நிமிஷம் பார்த்தான். இனிப்பு இல்லை, ஒத்திகை இல்லை, அம்மாவும் இல்லை. "நீ இல்லை! என்ரை அம்மா! என்ரை அம்மாட்டைப் போகோணும்!" என்று குழறத் தொடங்கினான். சித்தி இறங்கிவந்து அவனைத் தூக்கப் பார்த்தார். அவன் வில்லாக வளைந்து, காலால் அவர் வயிற்றில் உதைத்து, கன்னத்தைப் பிறாண்டினான். பொலிசுக்காரனுக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனால் தாயென்று சொல்லப்படுகிறவளைப் பிள்ளை அடித்துத் தள்ளுவதை விளங்க என்ன பாஷை வேண்டும்? அவன் பாஸ்போட்டை மூடி, தன் சட்டைப் பைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டான்.

"இவர் உன் அம்மாவா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில், நித்திரையால் எழும்பினால் தம்பி எப்போதும் இப்படித்தான் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஏதாவது செய்யுங்கோ அப்பா என்று மனதுக்குள் கத்தினேன். முடிந்தது, எல்லாரையும் பிடிக்கப்போகிறார்கள், சித்தியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அம்மா ஜெனோவாவில் நிற்க நாங்கள் மறியல் கம்பிக்குள் கிடப்போம்.

சித்தி அடித்தார்.

கன்னத்தில், ஓங்கி. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "வாயை மூடு! எத்தினை தரம் சொல்லுறது உனக்கு! வீட்டை வா, தோலை உரிக்கிறன்!" அம்மா எங்களை ஏசுகிற அதே சொல், அதே தொனி. தம்பி மூச்சடைத்து நின்றான். வாழ்க்கையில் முதல் அடி. பிறகு சித்தியின் கழுத்தில் விழுந்து ஏங்கி ஏங்கி அழுதான். அடித்தவரைத்தானே கட்டிப்பிடிக்கலாம், வேறு யார் இருந்தார்கள் அங்கே?

பொலிசுக்காரனின் முகம் இளகியது. மற்றவனின் பிள்ளைக்கு இப்படிக் கைநீட்ட ஒருத்திக்கும் மனம் வராது என்று நினைத்தானோ, தன் தாயை நினைத்தானோ, எனக்குத் தெரியாது. சிரித்து, "மடாம்" என்று சொல்லிப் பாஸ்போட்டைச் சித்தியின் கையிலேயே கொடுத்தான். எனக்குச் சித்தியைக் கொல்லவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

லியோன் நகரம் வரும்வரை தம்பி அழுதான். நித்திரையாவான், எழும்புவான், அம்மா என்று தொடங்குவான். சித்தி அவனை மடியில் வைத்து, அடித்த கன்னத்தைத் தடவிக்கொண்டே தானும் அழுதார். பெற்றோல் செட் ஒன்றில் அப்பா இறங்கி ஜெனோவாவுக்குப் போன் எடுத்து அம்மாவோடு கதைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "ஓம் ஓம், வந்திட்டம். ஒரு பிரச்சினையும் இல்லை… தம்பியோ? அவன் ராசா மாதிரி வாறான். ஒரு சொட்டு அழேல்லை. உம்மைத் தேடவே இல்லையப்பா." போனை வைத்துவிட்டு என்னிடம், "சித்தி அடிச்சதை அம்மாவுக்குச் சொல்லப்படாது. கொம்மா தாங்கமாட்டா" என்றார். இத்தாலி தோற்றதை அந்தப் பெற்றோல் செட்டில்தான் அறிந்தேன், பனால்டியில். டோவர் துறைமுகத்தில் இருந்த இங்கிலாந்து அதிகாரி இரண்டு பாஸ்போட்டையும் புரட்டி, இன்றிரவு இங்கிலாந்து வெல்லுமா என்று மட்டும் என்னிடம் கேட்டு விட்டுவிட்டார். இங்கிலாந்தும் வெல்லவில்லை.

பாஸ்போட் போய்ச் சேர்ந்து, அம்மா வந்து சேர ஐந்து கிழமை ஆனது. விக்டோரியா ஸ்டேஷனில் பெட்டியைக் கீழே வைக்க முதலே, "தம்பி என்னைத் தேடினவனோ?" என்று கேட்டார். அப்பா சொன்னதையே திருப்பிச் சொன்னார். தம்பி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை முப்பத்தைந்து வருஷம் பார்த்தேன். கலியாண வீடு, பிறந்தநாள் கொண்டாட்டம், கோயில் மண்டபம், எங்கே போனாலும் அம்மா அந்தக் கதையைச் சொல்வார். "மூண்டரை வயசு. அஞ்சு கிழமை. என்னைத் தேடவே இல்லை, கள்ளன்." எல்லாரும் சிரிப்பார்கள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா சித்தியைக் கூப்பிடுவார். "அவனுக்கு நீதான் சரி" என்று விலகி நிற்பார். அவன் பல்கலைக்கழகம் போனபோது பெட்டி அடுக்கியதும் சித்திதான். அம்மாவுக்கு அவனில் ஒட்டு இல்லை என்றுதான் இளவயதில் நினைத்தேன். என் மகளை முதல்நாள் நேர்சரியில் விட்டு, அவள் அழாமல் உள்ளே ஓடினபோதுதான் எனக்கு உறைத்தது. அட பாவிகளே, நாங்கள் அம்மாவுக்கு என்ன செய்துவைத்திருக்கிறோம்! அப்படியும் சொல்லவில்லை. சொன்னால் சித்தி அடித்ததையும் சொல்ல வேண்டும். அப்பா செத்த பிறகும் நான் அவர் சொல்லைத் தாண்டவில்லை, கோழை.

இந்த வசந்தத்தில் அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன். லண்டனில் சட்டன் பக்கம் என் வீட்டில்தான் இருக்கிறார். காயத்துக்குக் கட்டு மாற்ற ஒரு இளம் நர்ஸ் வருவாள். அன்று சித்தியும் சோறு கறியோடு வந்திருந்தார். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. நர்ஸ் உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டது போதும், அம்மா தன் ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டார். "மை சன், ஸ்மோல் போய். ஃபைவ் வீக்ஸ் நோ மம்மி. நோ கிறையிங்!"

சித்தியின் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி மேசையில் தட்டுப்பட்டது.

"அக்கா, போதும். நான் அவனுக்கு அடிச்சனான்."

அம்மா திரும்பினார்.

"போடரிலை. பொலிசுக்கு முன்னாலை. கன்னத்திலை ஓங்கி அடிச்சனான் அக்கா. உங்களிட்டைப் போகோணும் எண்டு குழறினவன், என்னைப் பிறாண்டினவன். அடியாட்டிப் பிடிபட்டிருப்பம். அத்தான் சொல்லவேண்டாம் எண்டவர்." சித்தியின் உதடு கோணியது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நர்ஸ் கட்டுத்துணியும் கையுமாக எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அவன் அழுதவனோ?" என்றார்.

"ஓம் அக்கா."

"எவ்வளவு நேரம்?"

"லியோன் வருமட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். "அது எவ்வளவு தூரம்?"

"அஞ்சு மணித்தியாலம் அம்மா" என்றேன். "நித்திரையாலை எழும்பி எழும்பி அழுதவன்."

அம்மா நர்ஸின் கையைப் பிடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"சொறி டார்லிங், ஐ டோல்ட் யூ றோங்" என்றார். "மை சன், ஃபைவ் அவர்ஸ் கிறையிங். ஃபைவ் அவர்ஸ்!"